பழைய பைக்கை விற்கும் முன்: கிளட்ச் தேய்மானத்தை அறிவோம், மறைக்காமல் சொல்வோம்



நம் மஹல்லாவில் ஒரு வீட்டார் விற்கும் பைக் பெரும்பாலும் வெகுதூரம் போவதில்லை. அடுத்த தெருக்காரரோ, பக்கத்து ஊர் ஜமாஅத்தைச் சேர்ந்தவரோ, மெக்கானிக் மூலம் கேள்விப்பட்டு வந்தவரோதான் அதை வாங்குகிறார். அவர் பலநேரம் புது வண்டி வாங்க வசதி இல்லாதவர். அந்தப் பழைய வண்டியை நம்பி மீன் கூடை கட்டுபவராக இருப்பார். துணி மூட்டையோடு கிராமம் கிராமமாகப் போகிறவராக இருப்பார். வீடு வீடாக உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்த இளைஞராக இருப்பார். வாங்கிய பத்தாம் நாள் கிளட்ச் போய்விட்டால் அவருக்கு ரிப்பேர் செலவோடு, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானமும் நட்டம். விற்றவருக்கோ, ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கிளட்ச் நன்றாகவே இருக்கும் வண்டியை, "பிளேட்டெல்லாம் போயிடுச்சு பாய், உள்ளே பிரிச்சா பெரிய செலவு" என்று பயமுறுத்தி அடிமாட்டு விலைக்குக் கேட்கும் தரகர்கள் இருக்கிறார்கள். வண்டியைப் பற்றி ஒன்றும் அறியாத முதியவரும், கணவரை இழந்த சகோதரியும் அந்தப் பேச்சை நம்பி, வந்த விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

இரண்டு அநியாயத்துக்கும் காரணம் ஒன்றுதான்: கிளட்ச் எஞ்சினுக்குள் மறைந்திருக்கிறது. டயர் தேய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரியும். செயின் தொங்குவதும் தெரியும். கிளட்ச் அப்படியல்ல. எனவே அதன் நிலையை விற்பவரே எப்படி அறிந்துகொள்ளலாம், அறிந்ததை என்ன செய்ய வேண்டும் என்று இங்கே விளக்குகிறோம்.

கிளட்ச் எப்படித் தேய்கிறது?

நாம் ஓட்டும் பெரும்பாலான கியர் பைக்குகளில் எஞ்சினின் வலதுபக்க மூடிக்குள் கிளட்ச் இருக்கிறது. உராய்வுப் பொருள் ஒட்டிய பிளேட்டுகளும் வெறும் இரும்பு பிளேட்டுகளும் ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டு, ஸ்பிரிங்குகளின் அழுத்தத்தில் இறுகியிருக்கும். இறுகியிருக்கும்போது எஞ்சினின் சக்தி கியருக்கும் சக்கரத்துக்கும் போகிறது. லிவரைப் பிடித்தால் அழுத்தம் விலகி, பிளேட்டுகள் தனித்தனியாகச் சுழல்கின்றன.

முழுதாகப் பிடித்தாலும் முழுதாக விட்டாலும் தேய்மானம் குறைவு. பாதி பிடித்தும் பிடிக்காமலும் ஓட்டும் 'ஹாஃப் கிளட்ச்' பழக்கத்தில்தான் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகித் தேய்கின்றன. ஆகையால் மீட்டரில் ஓடிய கிலோமீட்டரை மட்டும் பார்த்துக் கிளட்சை எடைபோட முடியாது. நெடுஞ்சாலையில் ஒருவரே ஓட்டிய வண்டி அதிக தூரம் ஓடியும் நல்ல கிளட்சோடு இருக்கும். கடைத்தெரு நெரிசலில் ஓடியது, மூட்டை சுமந்தது, பிள்ளைகள் ஓட்டப் பழகியது ஆகிய வண்டிகளில் குறைந்த கிலோமீட்டரிலேயே பிளேட் தேய்ந்திருக்கலாம். இந்த வரலாறு விற்பவருக்குத்தான் தெரியும். முதல் சாட்சி அவரே.

சோதிக்கும் முன் இரண்டு காரியம்

முதலாவது, லிவரின் தளர்வு. லிவரை மெல்ல இழுத்தால், கேபிள் இறுகுவதற்கு முன் அதன் நுனி சிறிது தூரம் சும்மா நகர வேண்டும். 100, 125 சி.சி. வண்டிகள் பலவற்றில் இது 10 முதல் 20 மி.மீ. வரை, உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு அதனுடன் தந்த கையேட்டில் இருக்கும். தளர்வே இல்லையென்றால், லிவரை விட்ட பிறகும் கேபிள் கிளட்சை லேசாகப் பிடித்துக்கொண்டே இருக்கும். நல்ல பிளேட்டும் அப்போது வழுக்கும். தளர்வு மிக அதிகமென்றால், லிவரை முழுதாகப் பிடித்தாலும் கிளட்ச் விடாது. கியர் விழ மறுக்கும். சில நிமிடத்தில் சரிசெய்யக்கூடிய இந்தக் குறையைப் பிளேட் போனதாக எண்ணி ஏமாறுவோர் உண்டு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கேபிள் நீண்டுபோனால் தளர்வு கூடும். பிளேட் தேய்ந்தால், பெரும்பாலான வண்டிகளில் தளர்வு குறையும். ஆகவே அட்ஜஸ்டர் திருகைப் பாருங்கள். அது கடைசி மரை வரை வெளியே வந்தும் லிவர் தொளதொளவென்றிருந்தால் பழுது பெரும்பாலும் கேபிளில். அது சிறு செலவு. திருகை முழுதும் உள்ளே விட்டும் தளர்வு கிடைக்கவில்லையென்றால், கேபிள் உள்ளே சிக்காமல் நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் சரியென்றால் பிளேட் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இரண்டாவது, ஆயில். இவ்வகை வண்டிகளில் கிளட்ச் ஆயிலில் நனைந்தபடியே வேலை செய்கிறது. பைக்குக்கு உரிய ஆயில் டப்பாவில் 'ஜாஸோ எம்.ஏ.' அல்லது 'எம்.ஏ.2' என்ற தரக்குறி இருக்கும். கார்களுக்கான சில ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. அதை பைக்கில் ஊற்றினால் நல்ல கிளட்சும் வழுக்கத் தொடங்கும். 'எம்.பி.' குறியுள்ள ஆயில் பெரும்பாலும் ஸ்கூட்டர்களுக்கானது. என்ன ஆயில் ஊற்றினோம் என்பது நினைவில்லையானால், சரியான ஆயிலை மாற்றிச் சில நாட்கள் ஓட்டிவிட்டுச் சோதியுங்கள். ஆர்.எக்ஸ்.100 போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் கிளட்ச் நனைவது கியர் பாக்ஸ் ஆயிலில்; பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட்டில் அதற்குத் தனி அறையும் தனி ஆயிலும் உண்டு. அந்த வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

வீட்டிலும் வீதியிலும் செய்யும் சோதனைகள்

எல்லாச் சோதனையையும் எஞ்சின் நன்கு சூடான பிறகே செய்யுங்கள். பத்து பதினைந்து நிமிடம் ஓட்டினால் போதும். குளிர்ந்த நிலையில் ஒழுங்காகத் தெரியும் கிளட்ச், சூடானதும் தன் குறையைக் காட்டும்.

1. ஏற்றச் சோதனை. இதுவே முக்கியமானது. மலைப்பாதை தேவையில்லை, ஊர் ரயில்வே மேம்பாலத்தின் ஏற்றம் போதும். பின்னால் ஒருவரை உட்கார வைத்து, டாப் கியரிலோ அதற்கு ஒன்று குறைவான கியரிலோ நடுத்தர வேகத்தில் ஏறும்போது ஆக்சிலேட்டரை நன்றாகத் திருகுங்கள். எஞ்சின் சத்தமும் வேகமும் சேர்ந்து ஏறினால் கிளட்ச் பிடிக்கிறது. சத்தம் மட்டும் 'விர்'ரென்று எகிறி, வண்டி பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. 

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எஞ்சின் சத்தமும் ஏறாமல், வண்டியும் இழுக்காமல் திணறினால் அது கிளட்ச் அல்ல. ஏர் ஃபில்டர் அடைப்பு, பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது, எஞ்சினின் பலக்குறைவு என்று காரணம் வேறாக இருக்கலாம். "பிக்கப் இல்லை, அதனால் கிளட்ச் போச்சு" என்று யார் சொன்னாலும், சத்தம் ஏறுகிறதா என்று கேளுங்கள்.

2. நிறுத்திப் பார்க்கும் சோதனை. முன்னால் யாரும் இல்லாத சமதளத்தில் வண்டியில் அமர்ந்து, இரு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து, மூன்றாவது கியரில் லிவரைச் சீராக விடுங்கள். எஞ்சின் உடனே அணைந்துவிட வேண்டும். லிவரை முழுதாக விட்ட பிறகும் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. இதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். செய்தால் இருக்கும் பிளேட்டும் சூடாகிக் கெடும். எஞ்சின் அணைந்துவிட்டதாலேயே கிளட்ச் புதிது போல் உள்ளது என்றும் முடிவு கட்டாதீர்கள். லேசான வழுக்கல் ஏற்றத்தில்தான் தெரியும்.

3. விடுகிறதா என்ற சோதனை. சூடான எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, கிளட்சை முழுதாகப் பிடித்து முதல் கியர் போடுங்கள். வண்டி தானாக முன்னே ஊர்ந்தாலோ, நிற்கும்போது நியூட்ரல் விழாமல் அடம்பிடித்தாலோ கிளட்ச் முழுதாக விடவில்லை. லிவர் தளர்வு சரியாக இருந்தும் இப்படியென்றால், இரும்பு பிளேட் சூட்டில் வளைந்திருக்கலாம்; பிளேட்டுகளைத் தாங்கும் கூடையின் பற்களில் பள்ளம் விழுந்திருக்கலாம். காலையில் முதல் தடவை கியர் போடும்போது மட்டும் 'டக்' என்று சத்தம் வருவது பெரும்பாலும் ஆயில் குளிர்ந்திருப்பதால். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

4. புறப்படும்போது நடுக்கம். லிவரை மெல்ல விட்டுப் புறப்படுகையில் வண்டி உதறிக்கொண்டு கிளம்பினால், பிளேட் அல்லது கூடையைச் சந்தேகிக்கலாம். தளர்ந்த செயினும், பின் சக்கரத்திலுள்ள தேய்ந்த ரப்பரும் இதே உதறலைத் தரும் என்பதால் அவற்றை முதலில் பாருங்கள்.

5. லிவர் பிடிக்கும் இடம். லிவரை விடும்போது எந்த இடத்தில் வண்டி நகரத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். தளர்வு சரியாக வைத்த பிறகும், லிவர் கடைசி வரை வந்த பின்னரே வண்டி நகர்ந்தால் அது தேய்மானத்தின் அடையாளம்.

ஆயில் மாற்றும்போது தீய்ந்த வாடை அடித்தால் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

லிவர் இல்லாத ஸ்கூட்டர்களிலும் எக்ஸ்.எல். வகை மொபெட்டுகளிலும் கிளட்ச் உண்டு. எஞ்சினின் வேகத்தில் அது தானாகப் பிடித்துக்கொள்ளும். ஆக்சிலேட்டரை அதிகம் திருகிய பிறகே நகர்வதும், நடுங்கிக்கொண்டு கிளம்புவதும் அங்கே தேய்மானத்தின் அறிகுறிகள். ஸ்கூட்டரில் பெல்ட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரித்துப் பார்ப்பது எப்போது?

மேலே சொன்னவை சந்தேகத்தைத்தான் தரும். முடிவைத் தருவது அளவு. மெக்கானிக் மூடியைத் திறந்து, உராய்வு பிளேட்டின் கனத்தை வெர்னியர் கருவியால் அளப்பார். சிறிய பைக்குகள் பலவற்றில் புதிய பிளேட்டின் கனம் ஏறத்தாழ 3 மி.மீ. தான், அதில் ஒரு மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே மாற்றும் காலம் வந்துவிடும். கண்ணால் பார்த்து "இன்னும் நல்லா இருக்கு" என்று சொல்வதை ஏற்கவேண்டியதில்லை. அந்தந்த வண்டிக்குரிய கடைசி அளவு சர்வீஸ் கையேட்டில் இருக்கிறது. இரும்பு பிளேட்டைத் தட்டையான கண்ணாடி மேல் வைத்தால் வளைவு தெரியும்; நீலம் பாய்ந்திருந்தால் கடுமையாகச் சூடாகியிருக்கிறது. ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளக்க வேண்டும், ஏனெனில் ஸ்பிரிங் தளர்ந்தாலும் கிளட்ச் வழுக்கும்.

பிரிப்பதென்றால் ஆயில், கேஸ்கெட், கூலி என்று செலவு உண்டு. ஆகவே ஐந்து சோதனையிலும் குறை தெரியாத வண்டியைப் பிரிக்க வேண்டியதில்லை. சந்தேகம் தெரிந்தால் மட்டும் பிரியுங்கள். முடிந்தால் விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே, இருவருக்கும் பொதுவான ஒரு மெக்கானிக்கிடம் போவது நல்லது. மெக்கானிக்குக்கு வண்டி விற்பதில் தரகு இருக்கக்கூடாது.

அறிந்த பிறகு என்ன செய்வது?

இரண்டு வழி உண்டு. ஒன்று, தேய்ந்த பிளேட்டுகளை மாற்றிவிட்டு, அதற்கான ரசீதோடு விற்பது. மற்றது, குறையைச் சொல்லி, அதற்குரிய தொகையைக் கழித்துக்கொண்டு விற்பது. கழிக்கும் தொகையை ஊகத்தில் சொல்லாமல் பட்டறையில் கேட்டு எழுதி வாங்குங்கள். உதாரணத்துக்கு, நல்ல நிலையில் 30,000 ரூபாய் பெறும் வண்டிக்கு, பிளேட், ஸ்பிரிங், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் ஆகும் என்று பட்டறை எழுதித் தந்தால், கேட்கவேண்டிய விலை 28,000 ரூபாய். தரகர் அதே குறையைக் காட்டி 10,000 ரூபாய் குறைக்கச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டுங்கள். உண்மையைச் சொல்வதால் விற்பவர் ஏமாந்து போகமாட்டார். கணக்குத் தெரியாமல் போவதால்தான் ஏமாறுகிறார்.

சிலர் வேறு வழிகளைக் கையாளுகிறார்கள். வாங்க வருபவருக்குக் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஓட்டிக் காட்டுவது. சமதளத்தில் ஒரு சுற்று மட்டும் விடுவது. வழுக்கலைச் சில நாள் மறைக்கக் கேபிளை அளவுக்கு மீறித் தளர்த்தி வைப்பது. இவை வியாபாரத் திறமை என்று பேசப்படுகின்றன. மார்க்கம் இவற்றை என்னவென்று சொல்கிறது?

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் நம்மைச் சார்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அந்த வியாபாரி மழையை வரவழைக்கவில்லை. தானியம் நனைந்தது அவர் குற்றமல்ல. நனைந்ததைக் கீழே வைத்ததுதான் குற்றமாயிற்று. கிளட்ச் தேய்வதும் யாருடைய பாவமும் அல்ல. குளிர்ந்த எஞ்சினை மட்டும் காட்டுவது, காய்ந்த தானியத்தை மேலே பரப்புவதுதான்.

ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவித்து புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இடம்பெறும் ஹதீஸ், இருவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டென்றும், மறைத்துப் பொய் சொன்னால் பரக்கத் அழிக்கப்படும் என்றும் கற்பிக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. விற்கும் முன்பே பொருளில் இருந்து, வாங்கியவருக்குத் தெரியாமல் போன, விலையைக் குறைக்கக்கூடிய ஐபு பின்னர் வெளிப்பட்டால், பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. 'கியாருல் ஐப்' எனப்படும் இந்த உரிமையை ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் ஏற்கின்றன. பழைய வண்டிக்குரிய சாதாரணத் தேய்மானம் இருவருக்கும் தெரிந்ததே. அது ஐபு ஆகாது. ஏற்றத்தில் வழுக்கும் கிளட்ச் அப்படியல்ல. "இருக்கிற நிலையில் விற்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தெரிந்த குறையை மறைத்த பொறுப்பு நீங்கிவிடும் என்று எண்ண வேண்டாம். தனிப்பட்ட தகராறுகளில் மஸ்அலாவை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாட்டுச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 17-ஆவது பிரிவில், குறையுள்ள ஒரு குதிரையை ஏலத்தில் விற்பவரை உதாரணமாகக் காட்டுகிறது. அவர் குறையைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதால் மட்டும் அது மோசடி ஆகாது. ஆனால், நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நலமாக இருப்பதாகவே எடுத்துக்கொள்வேன் என்று வாங்குபவர் சொல்லி, விற்பவர் மௌனமாக இருந்தால், அந்த மௌனமே பேச்சுக்குச் சமம். குறையைத் திட்டமிட்டு மூடி மறைப்பதோ எப்போதும் மோசடிதான். சட்டம் சில இடங்களில் மௌனத்தை மன்னிக்கிறது. மார்க்கம் கேட்காவிட்டாலும் சொல்லச் சொல்கிறது. வாங்குபவருக்கு இதில் ஒரு பாடம் உண்டு: "கிளட்சில் குறை எதுவும் இல்லையே?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எழுத்தில் வையுங்கள்

விற்பனைத் தாளில் தேதி, நேரம், மீட்டர் அளவு, தொகை ஆகியவற்றோடு, "கிளட்ச் ஏற்றத்தில் லேசாக வழுக்குகிறது, அதற்காக 2,000 ரூபாய் கழிக்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த ஒரு வரி பல மாத மனக்கசப்பைத் தடுக்கும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டையும் அன்றே நிரப்புங்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றால், 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டியது விற்பவரின் கடமை. ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கும்வரை அந்த வண்டியின் விபத்தும் அபராதமும் உங்கள் வாசலுக்கே வரும்.

இறந்தவரின் வண்டியை விற்கும் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. அந்த வண்டி வாரிசுகள் அனைவருக்கும் உரிய மீராஸ் சொத்து. சிறு பிள்ளைகள் இருந்தால் யத்தீம்களின் பங்கும் அதில் இருக்கிறது. முதலில் படிவம் 31 மூலம் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும். வண்டி பல மாதம் ஓடாமல் நின்றிருந்தால், ஆயில் பசையில் பிளேட்டுகள் ஒட்டிக்கொண்டு கியர் விழாமல் போகும். அதைப் பார்த்துவிட்டுக் "கிளட்ச் முடிந்தது" என்று சொல்லும் தரகரிடம் அன்றே பேசி முடித்துவிடாதீர்கள். ஆயிலை மாற்றி, தெரிந்த மெக்கானிக் ஒருவர் சூடாக்கி ஓட்டிப் பார்த்துச் சொன்ன பிறகு விலை பேசுங்கள். இத்தகைய வீடுகளுக்கு உதவியாக, வண்டி தெரிந்த இளைஞர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் அதுவும் ஸதகாதான்.

கொடுப்பவரும் வாங்குபவரும் மனநிறைவோடு பிரியும் வியாபாரத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்து, நம் ரிஸ்கில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.